வின்னிபெக் போய்ச் சேரும்வரை

எங்கள் ஓனரக்கா விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் பெங்களூரில் ஏறினால் கனடாவில் இருக்கிற வின்னிபெக்கில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருடைய காம்பவுண்டில் குடியிருந்த எங்கள் அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவ்வளவு நேரமும் எங்கள் வாசலில் விளக்குமாறு படக்கூடாது.

மைசூரில் ஹெப்பாளுக்குப் பக்கத்தில், கும்பாரகொப்பலில் அந்தக் காம்பவுண்டு. கேட்டை ஒட்டி ஓனர் வீடு. அதற்குப் பின்னால் வரிசையாக மூன்று வாடகை வீடுகள், மாடியில் ஒன்று. எல்லோருக்கும் பொதுவாக நீளமான ஒரு சிமெண்டு வாசல், அதன் கோடியில் ஒரு புங்கமரம். நடுவீட்டில் நாங்கள் ஆறு வருஷம் இருந்தோம். எனக்கு ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் பில்லிங் வேலை, என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. எங்களுக்குச் சொந்த ஊர் சேலம். ஓனரக்காவுக்கு ஹனூர் பக்கம். அவர் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ரிடையரானவர், அதிகம் பேசாதவர். அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு. காலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். அழுக்கு வாசலைத் தாண்டி வேலைக்குப் போனால் அன்றைக்குப் பூராவும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். குடிவந்த முதல் வாரமே என் வீட்டுக்காரர் அவர் அம்மாவைப் பார்க்கச் சேலம் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டேன். ஓனரக்கா கேட் பக்கமிருந்து ஓடியே வந்தார்.

"ஐயோ அம்மிணி, சீமாத்தைக் கீழ போடுங்! உங்கூட்டுக்காரரு இப்பத்தானுங்க படி எறங்குனாரு?"

"ஆமாங்க்கா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா! அவரு ஊரு போயிச் சேரோணுமல்ல? சேந்துட்டேன்னு போனு வந்த பொறவு கூட்டிக்கலாம். இப்ப வையுங்."

எங்கள் அம்மா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டுதான். யாராவது ஊருக்குக் கிளம்பினால் உடனே வீடு பெருக்க மாட்டார்கள், தலைக்குக் குளிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே அது ஒரு அரைமணி நேரத்துச் சமாச்சாரம். இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்கள் என்று தோன்றியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அக்காவிடம் அந்தச் சலுகை கிடையாது. "ஏறுனது கணக்கில்லீங், எறங்குனதுதான் கணக்கு" என்பார். இறங்கினாலும் போதாது. இறங்கிவிட்டேன் என்று போனவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவர் போன பஸ் கொள்ளேகால், ஹனூர் தாண்டி, மலை ஏறி இறங்கி, பாலாறு செக்போஸ்ட் வழியாக மேட்டூர் போய்ச் சேலம் போகிற பஸ். காட்டுக்குள் போனுக்கு டவர் கிடையாது. மத்தியானம் வரைக்கும் நான் வாசலில் கிடந்த புங்க இலைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா அடிக்கொரு தரம் வந்து, "சேந்துட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சேலத்தில் மகனுக்காகக் காத்துக்கொண்டிருந்த என் மாமியார்கூட அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் காரணம் கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொணம் போன ஊட்டைத்தான் அம்மிணி போன கையோட கூட்டிக் கழுவுவாங்க. தலைக்கு ஊத்திக்குவாங்க. திரும்பி வராதவங்களுக்குச் செய்யறது அது. உசுரோட போறவங்களுக்கு ஊடு போட்டது போட்டபடி கெடக்கோணும்."

போட்டது போட்டபடி என்றால் அவர் வீட்டில் உண்மையிலேயே போட்டது போட்டபடிதான். கிளம்பினவர் குடித்து வைத்த காபி டம்ளர் கழுவப்படாமல் தொட்டியில் இருக்கும். படுத்த பாய் சுருட்டாமல் கிடக்கும். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வரும்போது அக்கா கேட்டுக்குக் குறுக்கே நின்று, "இவத்து பேடப்பா, நாளே பா" என்று கன்னடத்தில் சொல்லி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார். இது அவர் வீட்டு ஆட்களுக்கு மட்டும் உள்ள சட்டமும் இல்லை. காம்பவுண்டில் யார் வெளியூர் போனாலும் எல்லோருக்கும் பொது. வாடகைக்கு வந்தவர்களைப் பார்த்து அவர் சொல்கிற நிபந்தனைகளில் அசைவம் சமைக்கக்கூடாது என்பது இல்லை, ராத்திரி எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பது இல்லை. இது ஒன்றுதான் இருந்தது.

அவருக்கு ஒரே பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். அம்மாவின் இந்த வழக்கத்தைக் கேலி செய்வதே அவளுக்குப் பொழுதுபோக்கு. கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகும்போதுகூட, "அம்மா, கடைக்குப் போறேன், பெருக்கிராதே" என்று தெருவில் நின்று கத்துவாள். அவள்தான் வின்னிபெக்குக்குப் படிக்கப் போனாள். படித்து முடித்து அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கும் சேர்ந்தாள்.

அவள் முதல் முறை கிளம்பின அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததும் அக்காவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான், எவ்வளவு நேரத்தில் இறங்குவாள் என்று. அவர் வீட்டுக்காரர் புதிதாக வாங்கின போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போட்டுத் தேடினார். எங்களையெல்லாம் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு வாசித்தார். "தூரம் பதிமூவாயிரம் கிலோமீட்டராம். பறக்கறதுக்குப் பதினாறு மணி நேரமாம்."

பெண் என்னவோ கிளம்பும்போதே, "ரெண்டு எடத்துல ஃப்ளைட் மாறணும்மா" என்று சொல்லித்தான் இருந்தாள். அதை அக்கா எப்படிப் புரிந்துகொண்டார் என்றால், கொள்ளேகாலில் மைசூர் பஸ்ஸை விட்டு இறங்கிப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் ஹனூர் பஸ்ஸில் ஏறிக்கொள்வதைப் போல. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்தப் பதினாறு மணி என்பது யாரும் பறக்காத கணக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு இழுத்து, விமானத்தின் வேகத்தால் வகுத்துப் போட்டிருக்கிறார்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில் போகிற அந்தக் கோட்டில் ஒரு விமானமும் போவதில்லை. அவள் போனது ஜெர்மனிக்கு. அங்கே காத்திருந்து டொராண்டோவுக்கு. அங்கேயும் காத்திருந்து அப்புறம்தான் வின்னிபெக்.

அவள் விமானம் கிளம்பினது நடுராத்திரிக்கு மேல். மறுநாள் சாயங்காலம் அந்தப் பதினாறு மணி நேரம் முடிந்தது. விளக்கு வைப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அக்கா அவசர அவசரமாக வாசலைக் கூட்டினார், கழுவினார், தலைக்கு ஊற்றிக்கொண்டார். அத்தனை சந்தோஷமாக அவர் பெருக்கி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பெண் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருந்தாள். அடுத்த நாள் காலையில்தான் போன் வந்தது, அதுவும் அழுகையோடு. டொராண்டோவில் குடியேற்ற அதிகாரிகள் ஒரு முக்கியமான காகிதத்தைக் கேட்டிருக்கிறார்கள். இவள் அதைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டாள். தனியாக ஒரு அறையில் உட்கார வைத்து, பெட்டி வந்து சேருகிறவரைக்கும் கேள்வி மேல் கேள்வி. ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து நடுங்கிவிட்டாள். அடுத்த விமானமும் போய்விட்டது.

அக்கா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவங்க உன்னைப் புடிச்சு உக்கார வெச்சப்ப இங்க என்ன நேரம்?"

பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். அக்கா போனைப் பிடித்தபடியே கழுவின வாசலைப் பார்த்தார். "நாந்தாண்டி சாமி. நாந்தான் அவசரப்பட்டுக் கூட்டிப்போட்டேன்."

"அம்மா, சும்னே ஏதாவது பேசாதே. பேப்பரைப் பெட்டில போட்டது நான்."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தக் கணக்கையும் நம்பவில்லை. அவர் வீட்டுக்காரர் போனில் விமானம் போகிற பாதையைக் காட்டுகிற செயலியைப் போட்டுக்கொண்டார். ஒரு சின்ன மஞ்சள் விமானம் நீலக் கடல் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அக்கா தலையைத் திருப்பிக்கொள்வார். "அது படமுங்க. எம்பொண்ணு அந்தப் படத்துக்குள்ள உக்காந்திருக்காளா? அவ வாயால சொல்லட்டும்."

இரண்டாம் முறை அவள் லீவுக்கு வந்துவிட்டுக் கிளம்பியபோது காம்பவுண்டு ஒன்றரை நாள் அப்படியே கிடந்தது. மாடியில் இருந்த இன்ஜினியருக்குத் தீபாவளிக்கு அவருடைய கம்பெனியில் தானாகவே தரையைப் பெருக்குகிற வட்டமான ஒரு மிஷின் கொடுத்திருந்தார்கள். அது மாடியில் கர்ரென்று சுற்றுகிற சத்தம் கேட்டு அக்கா மேலே ஏறிப் போனார். மனுஷன் பெருக்கினால்தானே குற்றம், இது மிஷின் அல்லவா என்று இன்ஜினியர் வாதாடினார். அக்கா அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். எடுத்த தூசி எங்கே போகிறது என்று கேட்டார். அதன் வயிற்றிலேயே இருக்கும் என்றார் இன்ஜினியர்.

"அப்ப சரிங். ஓடட்டும். ஊட்டுத் தூசி ஊட்டுலதான இருக்குது? ஆனா எம்பொண்ணு எறங்குற வரைக்கும் அது வயித்தைத் தொறந்து கொட்டிப்போடாதீங்."

அன்றைக்குக் கோடி வீட்டில் இருந்த பெயின்டர் வீட்டில் மத்தி மீன் வேறு. அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். பேரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது, பெயின்டர் என்றால்தான் தெரியும். மனைவி சரசு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். மீன் கழிவைக் குப்பை வண்டியில் போட முடியாமல் வாளியில் மூடி வைத்திருந்தார்கள். பெயின்டர் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, அந்த ஏரோப்ளேன் டிரைவருக்குப் போனப் போட்டு ஸ்வல்ப வேகமா ஓட்டச் சொல்லுங்க. எங்கூட்டு மீன் தலை எந்திரிச்சு நடக்குது!" என்று கத்தினார். அக்காவே சிரித்துவிட்டார். அந்தக் காம்பவுண்டில் இந்தச் சட்டத்துக்காக அக்காவிடம் ஒரு தடவைகூட முகம் சுளிக்காத ஒரே ஆள் பெயின்டர்தான்.

நான் அப்படியில்லை. அந்த முறை நான் நேருக்கு நேர் சண்டையே போட்டேன். விருந்தாளிகள் வருகிற நாள். வாசல் முழுக்கப் புங்கம்பூ மிதிபட்டு ஒட்டிக் கிடக்கிறது.

"அக்கா, பிளேன் எங்கயோ வானத்துல போகுது. என் விளக்குமாறு அங்க வரைக்கும் எட்டுமா?"

"எட்டாதுங்" என்றார் அக்கா. கோபமே இல்லை. "எட்டாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பெத்த புள்ளை அங்கத்தாலயிருக்கா. எங்கையில வேற என்னங்க இருக்குது அம்மிணி? இந்தச் சீமாறு ஒண்ணுதான் இருக்குது. அதையும் வீசிப்போட்டா நான் என்னத்தைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கறது?"

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். விருந்தாளிகளை மொட்டை மாடியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவரிடம் வாதாடப் போகவில்லை.

மூன்றாவது முறை அந்தப் பெண் கிளம்பினது ஒரு மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெயின்டர்தான் அவளுடைய பெட்டிகளைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அவர் மாமா முறை போலத்தான். "பனியில நடக்கறப்ப பாத்து நட கண்ணு. விழுந்தா தூக்கிவிட அங்க மாமா இல்ல" என்றார். ஆட்டோ போனதும் அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். காற்றடித்தால் உதிர்கிற இலைகளைப் பார்த்து நானும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் பெயின்டர் வேலைக்குக் கிளம்பி நின்றவர், நெஞ்சு என்னமோ பண்ணுகிறது என்று படியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரும் மாடி இன்ஜினியரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். பத்து மணிக்குள் உடம்பைக் கொண்டுவந்து அந்த வாசலில் கிடத்தினார்கள். நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது.

சாமராஜநகரிலிருந்து அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கொள்ளேகாலிலிருந்து சரசுவின் ஆட்கள் வந்தார்கள். பறையும் பூவும் அழுகையுமாக நாள் போனது. சரசுவை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது ஓனரக்காதான். நடுவில் அவருடைய போன் ஒரு தடவை அடித்தது. ஜெர்மனியில் இறங்கியிருந்த பெண். அக்கா எழுந்து தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். இங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை. பாதி வழியில் இருக்கிறவளிடம் எதைச் சொல்வது?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெயின்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லோரும் கூடப் போனார்கள். ஓனரக்காவின் வீட்டுக்காரர் மட்டும் முழங்கால் வலி என்று திரும்பி வந்தார். வாசலில் பெண்கள் மட்டும் நின்றோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெருக்க வேண்டும், கழுவ வேண்டும், எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாரும் வாயில் எதையும் போடலாம். சரசுவின் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் இருந்தார்கள். வாங்கி வைத்த இட்லிப் பொட்டலங்கள் என் வீட்டில் ஆறிக் கிடந்தன.

பெயின்டரின் அண்ணி வாளியைத் தூக்கினாள். அப்போது சுவரில் சாய்ந்திருந்த சரசு வாயைத் திறந்தாள்.

"அண்ணி, பக்கெட்டை வையுங்க. ஓனரக்கா பொண்ணு இன்னும் போயிச் சேரல. காலைல கழுவிக்கலாம்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி பேசற? பொணம் போன வாசலை ராத்திரி பூரா இப்படியே போட்டு வெக்கறதா? புள்ளைங்க பட்டினி கெடக்குது."

"ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகிராது. எம்புருஷன்தான் போயிட்டாரு. அந்தப் புள்ளையாவது நல்லபடியா போயிச் சேரட்டும்."

ஓனரக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் போனைப் பார்த்துவிட்டு, "ஜெர்மனில இருந்து கெளம்பியாச்சு. இப்பக் கடல் மேல" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னேன். "அக்கா, கோடி வீட்டு முன்னாடி மட்டும் கழுவிக்கட்டும். உங்க வாசலை விட்டுடலாம்." சொல்லும்போதே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. வாசல் மரத்தடியிலிருந்து கேட்டை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. கோடியில் ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் ஓனர் வீட்டுப் படியைத் தொட்டுக்கொண்டுதான் தெருவுக்குப் போக வேண்டும்.

அக்கா எழுந்து தன் வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சாத்திக்கொண்டிருந்தாலும் நான் அவரைத் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்குமாற்றோடு வெளியே வந்தார்.

"மோட்டரைப் போடுங்" என்றார் வீட்டுக்காரரிடம்.

"ஒருக்கா யோசிச்சுக்க" என்றார் அவர்.

"யோசிச்சாச்சு. போடுங்."

பிறகு சரசுவின் முன்னால் போய் நின்றார். "உம்புருஷன் போயிட்டாரு சரசு. போனவருக்குச் செய்யறதைச் செஞ்சே ஆகோணும். எம்பொண்ணு போயிட்டு இருக்கா. அவளுக்கு நான் சாமிகிட்டப் பேசிக்கறேன். புள்ளைங்களை எந்திரிக்கச் சொல்லு, குளிக்கட்டும்."

மரத்தடியிலிருந்து ஆரம்பித்தார். யாரையும் விளக்குமாற்றைத் தொடவிடவில்லை. உதிர்ந்த இலை, மிதிபட்ட சாமந்தி, அரிசி, எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். தன் வீட்டுப் படிக்கு வந்தபோது கை நின்றது. அப்புறம் அந்தப் படியையும் கழுவி, கேட்டைத் தாண்டித் தெரு வரைக்கும் தள்ளிவிட்டு வந்து, குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். விளக்கு வைத்தார்கள். பிள்ளைகள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

வாசல் பளிச்சென்று இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த வழக்கத்தில் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பயமாக இருந்தது.

கணக்குப்படி செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் காபி நேரத்துக்கு அவள் வின்னிபெக்கில் இறங்கியிருக்க வேண்டும். போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. டொராண்டோவில் கடும் பனி, அங்கிருந்து கிளம்புகிற விமானம் தாமதம் என்று மட்டும் ஓனரின் போன் காட்டியது. எவ்வளவு தாமதம் என்று காட்டவில்லை. நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். நேற்றுத் தலைக்கு ஊற்றிக்கொண்டதில் தொண்டை கட்டியிருந்தது. சாப்பிடவில்லை. அவர் வீட்டுக்காரர், பனி என்றால் அந்த ஊரில் இதெல்லாம் சகஜம் என்று சமாதானம் சொன்னார். "நீங்க பேசாதீங். அன்னைக்குப் பதினாறு மணின்னு சொன்னதும் நீங்கதான்" என்று அக்கா சீறினார். வேறு யாரையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரசுவை, அண்ணியை, என்னை, யாரையும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

கோடி வீட்டில் பால் தெளித்து முடித்து, வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் காரியம் முடிகிறவரை படி தாண்டக்கூடாது. மூன்று மணி இருக்கும். சரசு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணி பின்னாலிருந்து அதட்டியதை அவள் கேட்கவில்லை. வாசலின் நீளத்துக்கும் நடந்து வந்து ஓனர் வீட்டுப் படிக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"தீட்டுக்காரி, உள்ள வரமாட்டேனுங்க்கா. போனு வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்துக்கறேன்."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு நகர்ந்து, தான் உட்கார்ந்திருந்த படியில் இடம் விட்டார். சரசு தயங்கினாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"வரவேண்டிய கெட்டது எங்கூட்டோட வந்துட்டுப் போயிருச்சுங்க்கா. உங்கூட்டுக்கு வராது" என்றாள் சரசு. என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அழுகை வந்தது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. அக்கா அதை நீட்ட, வீட்டுக்காரர்தான் வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"அம்மா, சேந்துட்டேன். இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். டொராண்டோல ஒரே பனி, ராத்திரி பூரா உக்கார வெச்சுட்டாங்க. போன்ல சார்ஜ் இல்ல, சார்ஜரைப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்."

"எல்லாத்தையும் பெட்டிக்குள்ளயே போடு" என்றார் அப்பா.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "சேந்துட்டயா சாமி. சேந்துட்டயா."

"அம்மா, ஏன் கொரலு இப்படிக் கட்டியிருக்கு? தலைக்கு ஊத்திக்கிட்டியா?"

"ம்."

"எப்போ?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "நேத்து சாயங்காலம். வாசலும் கழுவுனேன்."

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம காம்பவுண்டுல யாரும்மா போனது?"

சரசுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவால் அதைச் சொல்ல முடியவில்லை. சரசுதான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"நாந்தான் கண்ணு, சரசு. நீ நல்லபடியா சேந்துட்டயில்ல? மொதல்ல ஏதாச்சும் சாப்புடு. சாப்புட்டுட்டுக் கூப்புடு, நானே சொல்றேன்."